ஆய்வுக் கட்டுரையைத் தேடுவதும் படிப்பதும்: நூலக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகம் ஒன்றின் உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். கருத்தரங்கு, திட்டப்பணி, ஆய்வேடு என்று காரணத்தின் பெயர் மாறினாலும், அங்கே வந்து நிற்கும் மாணவர்களின் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒரே பதிலை வாரத்தில் நான்கு முறை சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

இணையத்தில் படிக்கிற எல்லாமே கட்டுரைதானே? ஆய்வுக் கட்டுரை மட்டும் எதில் வேறுபடுகிறது?

இரண்டு விஷயங்களில். 'இதைக் கண்டேன்' என்று சொல்வதோடு அது நிற்கக் கூடாது. எப்படிக் கண்டேன் என்பதையும், இன்னொருவர் அதையே செய்து பார்க்கும் அளவுக்கு விவரிக்க வேண்டும். அடுத்து, வெளிவருவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்லியிருக்க வேண்டும். இதைச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்கிறார்கள்.

1665-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அறிஞர்கள் எழுதிய கடிதங்கள்தான் அதற்குப் பெரிய தீனி. இன்றைய ஆய்வுக் கட்டுரையையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஒரு நிபுணர் மற்ற நிபுணர்களுக்கு எழுதிய கடிதம். நீங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள். இந்த ஒன்றை மனத்தில் வைத்திருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே தெரிந்துவிடும்.

வழக்கமான கூகுளில் தேடினால் போதாதா? வேறு எங்கே போய்த் தேடுவது?

போதாது. செய்தியும் விளம்பரமும் முந்திக்கொண்டு நிற்கும். 2004-இல் வந்த கூகுள் ஸ்காலர் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. தொடங்க நல்ல இடம். ஆனால் அது தரம் பிரித்துத் தராது. ஆய்விதழ்க் கட்டுரை, மாநாட்டு உரை, எங்கோ ஒரு மாணவரின் ஆய்வேடு எல்லாம் ஒரே வரிசையில் வரும்.

துறை சார்ந்த தளங்கள் இதைவிடச் சுத்தமானவை. மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் இருக்கிறது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ். கல்வியியலுக்கு எரிக். வரலாறு, இலக்கியம், சமூகவியலின் பழைய இதழ்களுக்கு ஜேஸ்டோர். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்றவை சந்தா கட்டிய நூலகங்கள் வழியாகத் திறக்கும். உங்கள் நூலகத்தில் உண்டா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டு முடியும் வரை கேட்காமலே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேடம், எவ்வளவு தேடினாலும் சம்பந்தமில்லாததுதான் வருகிறது. என் தலைப்பில் யாருமே எழுதவில்லை போலிருக்கிறது.

இருக்கலாம், ஆனால் அநேகமாக இல்லை. இப்படிச் சொல்பவரின் திரையை எட்டிப் பார்த்தால், தலைப்பு முழு வாக்கியமாகத் தேடுபெட்டிக்குள் கிடக்கும். 'இரவில் கைபேசி பார்ப்பது பதின்வயதினரின் படிப்பைக் கெடுக்கிறதா?' என்பது நல்ல கேள்வி, தேடுவதற்கு ஆகாது. முதலில் உடையுங்கள்: கைபேசி, இரவு, பதின்வயதினர், படிப்பு. அடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஆய்வாளர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் 'மொபைல்' என்பதை அவர்கள் 'ஸ்கிரீன் டைம்' என்பார்கள். 'டீனேஜர்' அங்கே 'அடோலசென்ட்'. 'மார்க்' என்பது 'அகாடமிக் பெர்ஃபார்மன்ஸ்'. மாரடைப்பைப் பற்றிய கட்டுரையின் தலைப்பில் 'ஹார்ட் அட்டாக்' என்றே இல்லாமல் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று மட்டும் இருக்கும். பப்மெட் இரண்டும் ஒன்று என்று தானாகவே புரிந்துகொள்ளும், ஏனென்றால் அங்கே கட்டுரைகளுக்குப் பொதுவான பொருட்சொற்கள் இட்டு வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அந்தச் சொகுசை எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சொற்கள் எங்கே கிடைக்கும்? ஓரளவுக்காவது பொருந்தும் ஒரு கட்டுரையைப் பிடியுங்கள். அதன் தொடக்கத்தில், முழுக் கட்டுரையையும் ஒரே பத்தியில் சொல்லும் சுருக்கத்துக்குக் கீழே குறிச்சொற்கள் இருக்கும். திருடிக்கொள்ளுங்கள், இந்தத் திருட்டுக்குத் தண்டனை இல்லை. அவற்றைப் போட்டு மறுபடி தேடினால் வரிசையே மாறியிருக்கும்.

இதோடு சில சின்னக் கைவேலைகள். இரண்டு சொற்கள் சேர்ந்தே வரவேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். இதுவோ அதுவோ வரலாம் என்றால் நடுவே 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால், கூகுள் ஸ்காலரில், கழித்தல் குறி. ஆண்டு வரம்பை இடப்பக்கத்தில் குறுக்கலாம். ஆனால் முதல் தேடலிலேயே கடைசி இரண்டு ஆண்டுகள் என்று குறுக்காதீர்கள். துறையின் அடிப்படைக் கட்டுரைகள் வெளியே நின்றுவிடும்.

ஒன்று நன்றாகக் கிடைத்துவிட்டது. வழிகாட்டி பத்து கேட்கிறார். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டுமா?

வேண்டாம், அந்த ஒன்றே மற்ற ஒன்பதையும் காட்டும். அதன் இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கிப் போகலாம்; அது எவற்றின் மேல் நிற்கிறது என்று தெரியும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழேயே, இதை மேற்கோள் காட்டியவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். அதை அழுத்தினால் முன்னோக்கி: அது வெளிவந்த பிறகு யார் ஆதரித்தார்கள், யார் மறுத்தார்கள் என்று வரிசையாக வரும். யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் அறிவியல் மேற்கோள் அடைவு ஒன்றை வெளியிடும் வரை, முன்னோக்கித் தேடுவது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. இன்று ஒரு சொடுக்கு. அதையும் பலர் அழுத்துவதில்லை.

கிளிக் செய்தால் பணம் கேட்கிறது. கட்டியாக வேண்டுமா?

கட்டாதீர்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு பாடநூலின் விலையைக் கேட்பார்கள். அதில் ஒரு காசும் எழுதியவருக்குப் போகாது. முதலில் கல்லூரிக் கணக்கில் நுழைந்து பாருங்கள், சந்தா இருக்கலாம். அடுத்து, கூகுள் ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைப் பாருங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைத்திருப்பார். உலாவியில் அன்பேவால் என்ற இலவச நீட்சியை நிறுவினால், சட்டப்படியான இலவசப் பிரதி இருக்குமிடத்தை அதுவே காட்டும்.

எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும். யார், எதற்காக வேண்டும், எந்தக் கட்டுரை: மூன்று வரி போதும். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்பதே பலருக்கு மகிழ்ச்சி. நூலகங்களுக்கிடையே இரவல் பெறும் ஏற்பாடும் உண்டு, எங்களிடம் கேளுங்கள். கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பற்றியும் கேட்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. 2017-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அது எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்துக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நூலக மேசையிலிருந்து நான் அதற்கு வழி சொல்ல முடியாது.

டிஓஐ என்று ஒரு நீண்ட எண் இருக்கிறதே, அது எதற்கு?

கட்டுரையின் நிரந்தர முகவரி. 10 என்று தொடங்கும். இதழின் இணையதளம் மாறினாலும் இது மாறாது. டிஓஐ தளத்தில் இந்த எண்ணை இட்டால் நேராகக் கட்டுரையின் பக்கத்துக்குப் போகும். எங்கே குறிப்பு எடுத்தாலும் இதையும் சேர்த்து எழுதிவையுங்கள். பின்னால் ஒரு கேள்வியில் இது கைகொடுக்கும்.

முதல் பக்கமே புரியவில்லை. எனக்கு அறிவு போதவில்லையோ?

அறிவில் குறையில்லை. முதல் பதிலில் சொன்ன கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாக ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கிடையே போய் நிற்கிறீர்கள். அவர்கள் பாதியில்தான் தொடங்குவார்கள். ஆகவே பாடநூலைப் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் படிக்கக் கூடாது. துறையில் பழுத்தவர்களும் அப்படிப் படிப்பதில்லை.

பெரும்பாலான அறிவியல் கட்டுரைகளுக்கு அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்று நான்கு அறைகள். நான் சொல்லும் வரிசை இது: தலைப்பும் சுருக்கமும், அறிமுகத்தின் கடைசிப் பத்தி, ஏனென்றால் 'இந்தக் கட்டுரையில் நாங்கள்...' என்று கேள்வியை அங்கேதான் வெளிப்படையாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு படங்களும் அட்டவணைகளும். அதற்குப் பிறகு விவாதம். இங்கே நிறுத்தி, இது எனக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் மூடிவிடுங்கள், அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வேண்டுமென்றால் முறையையும் முடிவுகளையும் பென்சிலும் கையுமாகப் படியுங்கள். புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நிற்காமல் வட்டமிட்டுக்கொண்டு தாண்டுங்கள். திரும்பத் திரும்ப வருகிற சொற்களுக்கு மட்டும் பிறகு பொருள் தேடினால் போதும்.

துறையே புதிதென்றால் தனி ஆய்விலிருந்து தொடங்க வேண்டாம். மீள்பார்வைக் கட்டுரை என்று ஒரு வகை உண்டு. அந்தத் தலைப்பில் அதுவரை நடந்ததை எல்லாம் ஒருவர் தொகுத்து எழுதியிருப்பார். அதில் ஒன்றைப் படித்துவிட்டு வந்தால் கடிதத்தின் முன்கதை தெரிந்திருக்கும்.

எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழில் படிக்கலாமா?

சாரத்தைப் பிடிக்கப் போடலாம், தப்பில்லை. கலைச்சொற்களில்தான் இடறும். 'சிக்னிஃபிகன்ட்' என்பதை அது 'முக்கியமான' என்று தரும். ஆய்வுக் கட்டுரையில் அதன் பொருள் பெரும்பாலும் 'தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு' என்ற அளவில்தான். முக்கியமா இல்லையா என்பது வேறு வழக்கு. 'கன்ட்ரோல் குரூப்' கட்டுப்பாட்டுக் குழு ஆகிவிடும், யாரோ யாரையோ கட்டுப்படுத்துவது போல. உண்மையில் அது ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் குழு. ஆகவே முடிவுகள் பகுதியை மட்டுமாவது மூலத்தோடு வைத்துப் பாருங்கள்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாய்மொழித் தேர்வில் தெரிந்துவிடும். சுருக்கம் என்பது கடையின் முகப்பு. நல்ல சரக்கைத்தான் முன்னால் அடுக்குவார்கள். நானே கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'மதியத் தூக்கம் நினைவாற்றலைக் கூட்டுகிறது' என்று சுருக்கம் முடிகிறது. உள்ளே போனால் பங்கேற்றவர்கள் 22 பேர், எல்லோரும் கல்லூரி மாணவர்கள், சோதித்தது ஒரு சொற்பட்டியலை இரண்டு மணி நேரம் கழித்து ஒப்பிப்பது. இதை வைத்து முதியவர்களின் மறதியைப் பற்றி நீங்கள் ஒரு பத்தி எழுதினால் பழி கட்டுரையாசிரியருடையதல்ல.

முடிவுகள் பகுதி முழுக்கப் புள்ளியியல். தாண்டிப் போகலாமா?

கணக்கைத் தாண்டலாம், கேள்விகளைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர்? எவரோடு ஒப்பிட்டார்கள்? வித்தியாசம் எவ்வளவு பெரியது? இந்த மூன்றுக்கும் விடை தேட வாய்பாடு தெரிய வேண்டியதில்லை.

பி-மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். பலர் அது 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வசதிக்காகச் சொன்ன எல்லை அது, இயற்கை விதியல்ல. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகமே ஓர் அறிக்கை விட்டு, அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாத சிறு வித்தியாசத்துக்குக்கூடப் பி-மதிப்பு அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடும். 'ஆபத்து இரண்டு மடங்கு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 10,000 பேரில் ஒருவர் என்பது இருவர் ஆனாலும் இரண்டு மடங்குதான், 100 பேரில் 20 பேர் என்பது 40 ஆனாலும் இரண்டு மடங்குதான்.

மதிப்பீடு முடிந்து வெளிவந்துவிட்டதென்றால் அது உண்மைதானே?

வாசலில் சோதித்தார்கள் என்றுதான் பொருள். அந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. 1936-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று சொல்லும் கட்டுரை ஒன்றை அமெரிக்க இயற்பியல் இதழுக்கு அனுப்பினார்கள். இதழின் ஆசிரியர் அதை மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காட்டினார். 'அச்சிடத்தான் அனுப்பினேன், பிறருக்குக் காட்ட அல்ல' என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு திரும்பப் பெற்றுவிட்டார். மதிப்பீட்டாளர் சொன்ன குறை சரியானது. பிறகு வேறோர் இதழில் முடிவை மாற்றித்தான் கட்டுரை வந்தது.

வாசலைத் தாண்டிப் பிழைகள் உள்ளே வந்ததும் உண்டு. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து, 1998-இல் லான்செட் இதழில் வந்தது. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல். 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்து பார்த்த குழுவுக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் பி-மதிப்பு அந்த எல்லைக்குக் கீழே வரும் முடிவு மறுபடி கிடைத்தது. ஆகவே மேற்கோள் காட்டுமுன் இதழின் பக்கத்துக்குப் போய், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறக்கி வைத்த பிடிஎஃப் அதை உங்களுக்குச் சொல்லாது.

ஆர்க்கைவில் இருக்கும் முன்பதிப்பைக் காட்டலாமா?

காட்டலாம், முன்பதிப்பு என்று குறிப்பிட்டு. அது வாசல் சோதனைக்கு முந்தைய வடிவம். பின்னால் இதழில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதையே காட்டுங்கள், எண்கள் மாறியிருக்கக்கூடும்.

இந்த ஆய்விதழ் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2013-இல் ஓர் அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகள் வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு, அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அப்படி ஏற்றுக்கொள்ளும் போலி இதழ்களுக்குக் கட்டுரை எழுதியவர் கட்டும் கட்டணம்தான் குறி. ஆனால் கட்டணம் வாங்குவதாலேயே போலி என்றும் சொல்ல முடியாது. தரமான திறந்த அணுக்க இதழ்கள் பலவும் வாங்குகின்றன. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையினரா, வானத்துக்குக் கீழே உள்ள எல்லாத் தலைப்பையும் ஒரே இதழ் வெளியிடுகிறதா, ஒரு வாரத்தில் மதிப்பீட்டை முடித்துத் தருவதாக வாக்களிக்கிறதா என்று பாருங்கள். டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ் அடைவில் இருக்கிறதா என்றும் தேடலாம். தாக்கக் காரணி என்பது, இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண். அதை இதழ் தன் முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணை அச்சிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு கட்டுரைகள் நேர் எதிராகச் சொல்கின்றன. எதை எடுப்பது?

உங்களுக்கு நல்ல பத்தி ஒன்று கிடைத்திருக்கிறது; பயப்பட ஒன்றுமில்லை. இரண்டின் முறைப் பகுதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆட்கள் வேறா, காலம் வேறா, ஒரே பெயரில் வெவ்வேறு பொருளை அளந்தார்களா? பாதி நேரம் சண்டையே இராது, இருவரும் வேறு கேள்விக்கு விடை சொல்லியிருப்பார்கள். ஆதரவாக ஏழு, எதிராக மூன்று என்று வாக்கு எண்ணாதீர்கள். பெரிய, கவனமான ஓர் ஆய்வு சிறியவை ஏழையும் விட எடை கூடியதாக இருக்கலாம். முறைசார் மீள்பார்வை என்ற வகை இந்த வேலையைத்தான் செய்கிறது. மருத்துவத்தில் 1993 முதல் காக்ரேன் அமைப்பு இதற்கென்றே இயங்குகிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரைகளைக் கேட்டேன். அழகான பட்டியல் தந்தது. நூலகத்தில் ஒன்றுகூட இல்லையே?

உலகத்திலேயே இருக்காது. உண்மையான ஆய்வாளர் பெயர், உண்மையான இதழ், பொருத்தமான தலைப்பு எல்லாவற்றையும் கோத்து இல்லாத கட்டுரையை அது உருவாக்கிவிடும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். தேடுசொற்கள் கேட்கவும், கடினமான பத்தியை விளக்கச் சொல்லவும் அதைப் பயன்படுத்துங்கள். பட்டியல் தந்தால் ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் தளத்தில் இட்டுப் பாருங்கள். எண் திறந்தாலும், திறந்தது அதே கட்டுரைதானா என்று தலைப்பை ஒப்பிடுங்கள்.

ஒரு கட்டுரை இன்னொன்றைப் பற்றிச் சொல்கிறது. அந்த இன்னொன்றைப் படிக்காமலே பட்டியலில் சேர்க்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கதை சொல்லாமல் விடுவதில்லை. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே பத்தியில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளில் 11,882 பேருக்கு அபின் வகை வலிமருந்து தரப்பட்டது, அதற்கு அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கு பேர் என்றது அது. ஐந்தே வாக்கியங்கள். நீண்ட நாள் வீட்டில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017-இல் அதே இதழில் எண்ணிப் பார்த்தபோது, 608 இடங்களில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பெரும்பாலானவை 'இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது' என்பதற்கு அதையே சான்றாக வைத்தன. ஐந்தில் நான்கு பங்கு, அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை. இடையில் வட அமெரிக்காவில் அந்த மருந்துகளால் பெரும் சாவு நடந்தது.

மூலத்தைப் படிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆகவே மூலத்துக்குப் போங்கள். கிடைக்கவே இல்லையென்றால் 'இன்னாரை மேற்கோள் காட்டி இன்னார் சொல்வது' என்று நேர்மையாக எழுதுங்கள். அதற்கென்று பல மேற்கோள் நடைகளில் விதி உண்டு.

படித்ததெல்லாம் மறந்துபோகிறது. குறிப்பு எப்படி எடுப்பது?

மஞ்சள் கோடு போடுவது குறிப்பு எடுப்பதாகாது. கட்டுரையை மூடிவிட்டு மூன்று வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கிடைத்தது. நான்காவது வரியில் உங்கள் சந்தேகம். சொற்களை அப்படியே எடுத்தால் அந்த இடத்திலேயே மேற்கோள் குறி இடுங்கள். ஆறு மாதம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது அவருடையது என்று உங்களுக்கே தெரியாது. கோப்புகளைச் சேர்த்து வைக்க ஸொட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, மேற்கோள் பட்டியலையும் அதுவே அமைத்துத் தரும்.

எத்தனை படித்தால் போதும்? எப்போது நிறுத்தலாம்?

எண் கிடையாது, வழிகாட்டி சொன்ன பத்து குறைந்தபட்சம், அவ்வளவுதான். புதிய கட்டுரையைத் திறந்து அதன் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். முக்கால்வாசிப் பெயர்கள் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவையாக இருந்தால், அறிமுகத்தைப் படிக்கும்போதே அடுத்து யாரைச் சொல்வார் என்று ஊகிக்க முடிந்தால், தேடுவதை நிறுத்திவிட்டு எழுத உட்காரலாம். எழுதும்போது எங்காவது ஓட்டை தெரியும். அப்போது மேசைக்கு வாருங்கள், அந்த ஓட்டைக்கு மட்டும் சேர்ந்து தேடுவோம்.